வீட்டைத் தூக்கியாச்சு, சாலையை யார் இறக்குவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டை இடிக்காமல் ஜாக்கி வைத்து உயர்த்துவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். நாங்களும் 2025 கோடையில் அந்த வேலையைச் செய்து முடித்தவர்கள் என்பதால் வீட்டில் ஆளாளுக்குப் பேப்பரைப் பிடுங்கிப் படித்தோம். எழுதியதில் தப்பு எதுவும் இல்லை, படங்களும் அருமை. ஆனால் என் மாமனார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "எல்லாம் சரிம்மா, ஊர்ல இத்தனை வீட்டை ஏன் தூக்க வேண்டியிருக்குன்னு ஒரு வரி கூட இல்லையே" என்றார். நீயே எழுதிப் போடு என்றும் சொன்னார். அதனால் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு கடலூர் புதுநகரில் ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறது. மாமா 1987-ல் கட்டியது. அந்தக் காலத்தில் வாசலில் மூன்று படி இருந்ததாம். நான் கல்யாணமாகி வந்தபோது இரண்டுதான் பார்த்தேன், என் மகள் நடை பழகியபோது ஒன்று. அப்புறம் சிமெண்ட் சாலை வந்தது, படியே இல்லை, தெருவிலிருந்து நேராக வராண்டாவில் கால் வைக்கலாம். அதற்கும் அடுத்த முறை போட்ட பிறகு, தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்க வேண்டும் என்ற நிலை. தார் என்றால் ஒரு தடவைக்கு ஓரிரு அங்குலம்தான் ஏறும், கண்ணுக்கே தெரியாது. சிமெண்ட் சாலையைப் பழைய தார் மேலேயே கொட்டினால் ஒரே நாளில் அரை அடி போய்விடும். பழையதைச் சுரண்டாமல் அதன் மேல் புதியது, அதன் மேல் இன்னொன்று.

எங்கள் மாவட்டத்தைத் தமிழ்நாட்டின் வடிகால் என்று சொல்வதை நீங்களும் எழுதியிருப்பீர்கள். தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, தெற்கு எல்லையில் கொள்ளிடம் என்று எல்லாம் எங்கள் பக்கம்தான் வந்து கடலில் விழுகின்றன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் வந்தபோது காற்றுதான் பேயாட்டம் ஆடியது. பண்ருட்டிப் பக்கம் பலா மரமும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன, எங்கள் வீட்டில் தண்ணீர் ஏறவில்லை. 2015 நவம்பர் மழையில் வராண்டா வரை வந்து திரும்பியது. 2024-ல் ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது உள்ளே வந்தே விட்டது. சாத்தனூர் அணையைத் திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்து ஆற்றோரத்துக்காரர்கள் பட்ட பாடு வேறு, அது பெரிய கதை, அதோடு எங்கள் கஷ்டத்தைச் சேர்க்க மாட்டேன். எங்கள் வீட்டுக்குள் வந்தது ஆற்றுத் தண்ணீர் இல்லை. எங்கள் தெருவில் பெய்த மழை. சாலையில் விழுந்து, போக வழியில்லாமல் பள்ளம் தேடி எங்கள் கூடத்துக்கு வந்த மழை. பழைய மூன்று படி இருந்திருந்தால் அது வாசலோடு போயிருக்கும்.

தண்ணீர் வடிந்த பிறகு ஒரு வாரம் கூடத்தில் உட்கார்ந்து பேச்சுதான். இடித்துக் கட்டலாம் என்றால் வங்கிக் கடன் வாங்கும் வயதை என் வீட்டுக்காரர் தாண்டிக்கொண்டிருக்கிறார், மகள் கல்லூரிச் செலவு வேறு முன்னால் நிற்கிறது. தரையை மட்டும் உள்ளே உயர்த்தலாம் என்று ஒரு கொத்தனார் சொன்னார். அப்படிச் செய்த வீடு ஒன்று எங்கள் உறவில் இருக்கிறது, அங்கே நிலைப்படி தலையில் இடிக்கும், மின்விசிறிக்குக் கீழே கையைத் தூக்கிச் சோம்பல் முறிக்க முடியாது. ஆக மிச்சம் இருந்தது ஜாக்கிதான். மாமாவுக்குப் பயம். நாற்பது வருஷ வீடு, உப்புக் காற்றில் ஊறின சுவர், தூக்கும்போது பிளந்துவிட்டால்? அத்தைதான் அதற்குப் பதில் சொன்னார். "கல்லோட கட்டிக் கடல்ல போட்ட அப்பரே மிதந்து வந்து கரையேறின ஊரு இது, நம்ம வீடு நாலு அடி ஏறாதா?" அப்பர் கரையேறியதாகச் சொல்லும் கரையேறவிட்டகுப்பத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் இப்போது மகன் அதைச் சொல்லிக் காட்டுகிறான்.

நாலு அடியா, மூன்றா, இரண்டா? உங்கள் கட்டுரையில் தேவையான உயரத்துக்குத் தூக்கலாம் என்று ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டீர்கள். எங்கள் வீட்டில் பெரிய சண்டையே இந்த இடத்தில்தான் வந்தது. தேவையான உயரம் என்பது யாருக்குத் தெரியும்? இன்றைய சாலைக்கு இரண்டடி மேலே நின்றால் போதும் என்பது என் கணக்கு. வீட்டுக்காரர் காகிதத்தை எடுத்து, மாமா கட்டியதிலிருந்து இன்று வரை சாலை எவ்வளவு ஏறியது, இதே வேகத்தில் போனால் மகன் எங்கள் வயதுக்கு வரும்போது எவ்வளவு ஏறியிருக்கும் என்று கூட்டிக் கழித்தார். ஒரு குடும்பம் தன் வீட்டுத் தரை எங்கே இருக்க வேண்டும் என்று முடிவெடுக்க, முகம் தெரியாத யாரோ இன்னும் எத்தனை தடவை சாலை போடுவார்கள் என்று ஜோசியம் பார்க்க வேண்டியிருக்கிறது! அத்தைக்கு முழங்கால் வலி, ஒவ்வொரு அடி உயரத்துக்கும் இரண்டு படி கூடும், அதையும் யோசிக்க வேண்டும். கடைசியில் மூன்றரை அடி என்று முடிவானது. என்னைக் கேட்டால் ஒரு அடி அதிகம்தான்.

பொங்கல் முடிந்ததும் திருப்பாதிரிப்புலியூரில், பாடலீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு மாடிப் போர்ஷன் வாடகைக்குப் பிடித்துப் போனோம். கெடிலம் பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும் தூரம்தான், ஆனாலும் வேறு ஊருக்குக் குடி போன மாதிரி இருந்தது. மகள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை அங்கிருந்துதான் எழுதினாள். ஒரு அறையில் அத்தனை பேரும், மூட்டையும் பீரோவும், நடுவில் அவளுடைய புத்தகங்கள். படிப்பதற்கு இடமில்லை என்று மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி நிழலில் பாய் விரித்து உட்கார்ந்து கணக்குப் போட்டவள் நல்ல மார்க்கே வாங்கினாள். மகன் தேர் ஓடும் வீதிகளில் சைக்கிள் பழகினான், எங்கள் தெரு மேடு பள்ளத்தில் இரண்டு வருஷமாக வராதது அங்கே ஒரே வாரத்தில் வந்துவிட்டது. அத்தை தினமும் காலையும் மாலையும் கோயில். வீடு ரெடி என்று சொன்னபோது, நீங்க போங்க, நான் இங்கேயே இருந்துக்கறேன் என்று சொல்லிவிட்டார், சமாதானப்படுத்தி அழைத்து வரப் பெரும்பாடு.

வேலை நடந்ததைப் பார்க்கத்தான் தைரியம் வேண்டும். சுவரின் இரண்டு பக்கமும் பள்ளம் தோண்டி, அடித்தளத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு துண்டு சுவரை மட்டும் வெட்டி எடுப்பார்கள், அந்த இடைவெளியில் ஒரு திருகு ஜாக்கியை நிறுத்தி மேலே இரும்புச் சட்டம் கொடுத்து இறுக்கிய பிறகுதான் அடுத்த துண்டு. முழுச் சுவரையும் ஒரே அடியாக வெட்ட மாட்டார்கள். இப்படியே சுற்றி வந்து வீடு முழுக்க ஜாக்கி மேல் உட்கார்ந்த பிறகு, மேஸ்திரி ஒரு குரல் கொடுப்பார், ஆட்கள் எல்லாரும் தங்கள் பங்கு ஜாக்கிகளை ஒரே அளவு திருகுவார்கள். ஒரு தடவைக்கு ஒரு நூல், இரண்டு நூல் (ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). உடனே மூலைக்கு மூலை டியூப்பில் தண்ணீர் மட்டம் பார்ப்பார்கள், ஒரு மூலை முந்தினாலும் சுவர் விரிந்துவிடும். ஏறிய பிறகு நடுவில் செங்கல் வைத்துக் கட்டி, ஜாக்கியை ஒவ்வொன்றாக உருவி, அந்த ஓட்டையையும் அடைக்க வேண்டும். வந்தவர்கள் ஹரியானா, பீகார் பக்கத்து ஆட்கள், வெயிலைப் பொருட்படுத்தவே இல்லை. மகன் அவர்களோடு சேர்ந்து ஏக், தோ, தீன் எண்ணக் கற்றுக்கொண்டான். எங்கள் வீட்டில் இரண்டு இடத்தில் மயிரிழை விரிசல் வந்தது, பூச்சிலேயே மறைந்துவிட்டது. நிலைவாசலும் ஜன்னலும் அப்படியே இருக்கின்றன. கொடுத்த காசுக்கு அந்த வேலை சுத்தம்.

ஆனால் காசு விஷயத்தில் உங்கள் வாசகர்களுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசுவது ஜாக்கி வைத்துத் தூக்கும் கூலிக்கு மட்டும்தான். அதற்குப் பிறகு வீட்டுக்கு அடியில் இருக்கும் வெற்றிடத்தை நிரப்ப லாரி லாரியாக மண் வேண்டும், எங்களுக்குக் கேப்பர் மலைப் பக்கத்துச் செம்மண் வந்தது, தண்ணீர் விட்டு இறுக்கி, மேலே கான்கிரீட் போட்டு, அதன் மேல் டைல்ஸ். தரையில் பதித்திருந்த குழாயெல்லாம் போச்சு. கக்கூஸ் குழாயைச் செப்டிக் டேங்க்குக்கு மறுபடி இணைக்க வேண்டும். போர் குழாயை மேலே நீட்ட வேண்டும். மீட்டர் பெட்டி, வாசல் படி, கைப்பிடி, காம்பவுண்டு கேட் என்று ஒன்றை முடித்தால் இன்னொன்று வாயைத் திறக்கும். தூக்கியதற்கு ஆன தொகையைவிடத் தூக்கிய பிறகு ஆனதுதான் எங்களுக்கு அதிகம். ஜாக்கிக்காரர் கொடுக்கும் விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குப் போகாதீர்கள், முழுக் கணக்கையும் ஒரு உள்ளூர் மேஸ்திரியிடம் போட்டுக்கொண்டு போங்கள். கூடத்து மொசைக் தரை உடைபட்டதில் மாமாவுக்கு இன்னும் வருத்தம். அவரே நின்று கல்லைப் பாலிஷ் போட வைத்த தரை அது. பெரிய துண்டாக ஒன்றைக் காப்பாற்றித் துணி துவைக்கும் இடத்தில் பதித்திருக்கிறோம்.

சமையலறை மேடையை மட்டும் நான் கேட்ட மாதிரி கட்டிக்கொண்டேன். பழைய மேடை அத்தை உயரத்துக்குக் கட்டியது, பதினேழு வருஷம் குனிந்து குனிந்து எனக்கு இடுப்பு போச்சு. எப்படியும் உடைத்துத்தான் கட்ட வேண்டும் என்றானதும் மகள் டேப்பை எடுத்து எங்கள் எல்லார் முழங்கை உயரத்தையும் அளந்து ஒரு படம் போட்டுக் கொடுத்தாள். அத்தைக்கு ஓரத்தில் ஒரு பக்கம் மட்டும் தாழ்த்தி, உட்கார்ந்து காய் நறுக்குகிற மாதிரி. இதில் யாரும் எதிர்பார்க்காத லாபம், மேடை தன் உயரத்துக்குச் சரியாக இருக்கிறது என்று வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு வைக்க ஆரம்பித்திருக்கிறார். புளி தூக்கலாகத்தான் இருக்கும். சொல்வதில்லை.

திரும்பி வரும்போது கிரகப்பிரவேசம் செய்ய வேண்டுமா என்று சொந்தக்காரர்களுக்குள் ஒரு விவாதம். நிலையை எடுக்கவில்லை, அதனால் ஹோமம் தேவையில்லை என்று ஒருவர், மண்ணைத் தோண்டியாச்சு, கட்டாயம் வேண்டும் என்று இன்னொருவர், இரண்டு பேருக்கும் சாப்பாடு உண்டா என்பதுதான் கவலை என்று மாமா. விடிகாலையில் பால் மட்டும் காய்ச்சினோம். எதிர் வீட்டு அக்காவைத்தான் முதலில் கூப்பிட்டோம்.

அந்த எதிர் வீட்டு அக்கா விஷயத்துக்குத்தான் வருகிறேன், இந்தக் கடிதத்தில் எனக்கு முக்கியமானது இதுதான். அவர் வீடு மண் சுவர், ஓட்டுக் கூரை. பூக்கட்டி விற்கிறார். அந்தச் சுவரை எந்த ஜாக்கியும் தூக்காது, தூக்கச் செலவு செய்ய வழியும் இல்லை. எங்கள் தெருவில் எங்களுக்கு முன்னாலேயே மூன்று, நாலு பேர் வீட்டை உயர்த்திவிட்டார்கள், சிலர் இடித்தே கட்டிவிட்டார்கள். உயர்த்தியவர்கள் வீட்டோடு நிற்பதில்லை, சுற்றியுள்ள காலி மனையையும் மண் கொட்டி மேடாக்கி, சேறு ஆகக் கூடாது என்று சிமெண்டும் போட்டுவிடுகிறார்கள். முன்பு நாலைந்து தோட்டத்தில் தேங்கி ஊறிப் போன தண்ணீர் இப்போது எல்லாப் பக்கமும் தள்ளப்பட்டு, தெருவில் மிச்சம் இருக்கும் ஒரே பள்ளத்துக்கு வருகிறது. அந்தப் பள்ளம் அக்கா வீடு. சாதாரண மழைக்கே கட்டிலை விட்டு இறங்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறார்.

எங்கள் மேஸ்திரியும் தோட்டத்தை நிரப்பிவிடலாம், இருக்கிற மண்ணே போதும் என்றுதான் சொன்னார். அத்தை ஒரே பிடியாக மாட்டேன் என்றுவிட்டார். அவர் சொன்ன காரணம் பவழமல்லியும் கறிவேப்பிலையும், அடிமரத்தில் மண் ஏறினால் வேர் மூச்சு முட்டிச் செத்துவிடும் என்று. நான் யோசித்தது அக்கா வீட்டை. இரண்டும் ஒரே முடிவுக்கு வந்ததால் சண்டை மிச்சம். வீடு மட்டும் மேலே, தோட்டம் பழைய மட்டத்திலேயே. 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது மாமா போட்ட தொட்டி தூர்ந்து கிடந்தது, அதைத் தோண்டி ஜல்லி மாற்றி, மாடித் தண்ணீரை அதில் விட்டிருக்கிறோம். மழை பெய்தால் எங்கள் தோட்டம் குளமாகிறது, மறுநாளோ அதற்கு மறுநாளோ வற்றுகிறது, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறோம், போகிறோம். பெரிய தியாகமெல்லாம் இல்லை. எங்கள் கூரை மழையாவது எதிர் வீட்டுக்குப் போகவில்லை. ஆனால் சாலைத் தண்ணீர்? அதை நாங்கள் எப்படித் தடுப்பது?

2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, சாலை போடும்போது பழைய மேல் அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு எடுத்த அளவுக்குத்தான் புதிதாகப் போட வேண்டும், வீடுகளுக்குள் தண்ணீர் புகும்படி மட்டத்தை உயர்த்தக் கூடாது என்று அதிகாரிகளுக்குச் சொன்ன செய்தி எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. மாமா அதை வெட்டி வைத்திருந்தார். எங்கள் தெருவுக்குக் கடைசியாகச் சாலை போட வந்தவர்களிடம் அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய்க் காட்டினார். "அதெல்லாம் பெரிய ரோட்டுக்குங்க, இந்தச் சந்துக்குள்ள மில்லிங் மெஷின் வராது" என்று, சாலையைச் சுரண்டும் இயந்திரத்தைச் சொல்லி, பதில் வந்தது. சரி, மெஷின் வராது என்றே வைத்துக்கொள்வோம். பாதாளச் சாக்கடைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் இதே மாதிரித் தெருக்களைப் பிரேக்கர் வைத்து உடைத்துப் பள்ளம் தோண்டுகிறார்களே, அது மட்டும் எப்படி முடிகிறது? சுரண்டி எடுக்கும் ஜல்லியும் தாரும் வீணாகிற பொருளும் இல்லை, மறுபடி கலந்து சாலைக்கே போடலாம்.

தப்பு போடுகிறவர்களிடம் மட்டும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். புதுச் சாலை என்றதும் நாம்தான் ஓடிப்போய் நம் வாசலில் இன்னும் கொஞ்சம் கெட்டியாகக் கொட்டச் சொல்கிறோம். வண்டி வழுக்காமல் போனால் போதும் நமக்கு. சாலை எவ்வளவு ஏறியது என்று டேப்பை வைத்துப் பார்த்தவர்கள் எங்கள் தெருவில் மாமாவைத் தவிர யாரும் இல்லை.

அதனால் நீங்கள் அடுத்த முறை வீடு உயர்த்துவது பற்றி எழுதினால், உயர்த்த முடியாத வீடுகளுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். சாலை வேலைக்கு முன்னால் ஒவ்வொரு வாசற்படி மட்டத்தையும் அளந்து குறிக்க வேண்டும், புதுச் சாலை எந்த மட்டத்தில் முடியும் என்பதை வேலை விவரப் பலகையில், மதிப்பீட்டுத் தொகைக்குப் பக்கத்திலேயே எழுத வேண்டும் என்று உங்களைப் போன்றவர்கள் கேட்டால் நடக்கும், நான் கேட்டால் நடக்காது. எங்கள் தெருவுக்கு மறுபடியும் சாலை போடப்போவதாக இப்போதே பேச்சு அடிபடுகிறது. இந்தத் தடவை ஆட்கள் வந்தால், பெரிய வீட்டு வாசலில் டேப்பைப் பிடிக்க விடுவதாக இல்லை, முதல் அளவு அக்கா வீட்டு வாசற்படியிலிருந்துதான் என்று தெருவில் பத்துப் பன்னிரண்டு வீட்டில் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறோம். உங்கள் நிருபர் யாராவது அந்தப் பக்கம் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
புதுநகர், கடலூர்